பாலத்தின் வயதை ஆண்டுகளில் எண்ண முடியுமா? - கொள்ளிடம் பாலமும் லாரிக் கணக்கும்

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு அணைக்கரை மறக்காது. கொள்ளிடத்தின் மேல் குறுகலான கீழணைப் பாலம். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடியும் வரை இந்தப் பக்கத்து வண்டிகள் காத்துக் கிடக்க வேண்டும். பாலம் பலவீனமாகிவிட்டது என்று கனரக வாகனங்களுக்குத் தடை போடப்பட்டு, லாரிகள் சுற்றிக்கொண்டு போன காலமும் உண்டு. 1836-ல் மாட்டு வண்டிக் காலத்தில் தொடங்கிய அணையின் வரலாறு, டாரஸ் லாரிக் காலம் வரை வந்து அங்கே மூச்சு வாங்கியது.

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச் சாலையின் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் பகுதியைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 50 கிலோமீட்டர் நீளம், ரூ.2,350 கோடிக்கு மேல் செலவு. அதில் கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு கிலோமீட்டர் நீள நான்கு வழிப் பாலமும் அடக்கம். காத்திருப்பு முடிந்தது. லாரிகள் இப்போது வேகம் குறைக்காமல் கொள்ளிடத்தைக் கடக்கின்றன.

அதே மாதம் 9-ம் தேதி குஜராத்தில் மஹி ஆற்றின் மேலிருந்த கம்பீரா பாலம் நடுவே உடைந்து, வண்டிகள் ஆற்றில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது 1985-ல் திறக்கப்பட்ட பாலம். செய்தி வந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "பாலத்துக்கு வயசு எத்தனை?" 40 என்றதும், "அவ்வளவுதானா?" என்றார்கள் சிலர்; "40 வருஷம் ஓடியிருக்கே" என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேருக்குமே அந்த எண் பெரிதாக எதையும் சொல்லவில்லை. பாலம் ஆண்டுகளால் மட்டும் தேய்வதில்லை. அதன் மேல் எது, எத்தனை முறை, எவ்வளவு எடையோடு ஏறி இறங்கியது என்பதும் அதன் ஆயுளைத் தின்கிறது.

கட்டுக்கம்பி எப்படி உடைகிறது?

கட்டட வேலையில் கம்பி கட்டுபவரைக் கவனித்தால் போதும். கட்டுக்கம்பியை இழுத்து அறுக்க யாராலும் முடியாது. ஆனால் அதையே நாலு தடவை இப்படியும் அப்படியும் மடக்கினால் பட்டென்று ஒடிந்துவிடும். ஒவ்வொரு மடக்கிலும் கொடுத்த விசை, கம்பியை இழுத்து அறுக்கத் தேவையான விசையில் சிறு பகுதிதான். திரும்பத் திரும்பக் கொடுத்ததுதான் வேலையை முடித்தது. இதைத்தான் ‘உலோகச் சோர்வு’ என்கிறார்கள். பொறியாளர்கள் பேச்சில் ‘ஃபடீக்’.

பாலத்தில் இது கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. லாரி ஏறும்போது உத்தரம் மயிரிழை அளவு வளைகிறது, இறங்கியதும் நிமிர்கிறது. வெல்டிங் மூலையிலோ ரிவெட் துளையின் விளிம்பிலோ ஒரு நுண்ணிய விரிசல் பிறக்கிறது. அடுத்தடுத்த வண்டிகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. பல ஆண்டுகளுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கடைசிக் கட்டத்தில்தான் வேகம் பிடிக்கும்.

இதில் முக்கியம் மொத்த எடை அல்ல, ஏற்ற இறக்கம். தஞ்சாவூர்க்காரர்களிடம் பாலம் இடிந்த செய்தியைச் சொன்னால், "ராஜராஜன் கட்டுன கோயில் ஆயிரம் வருஷமா நிக்குது பாருங்க" என்று பதில் வரும். 1010-ல் முடிந்த பெரிய கோயில் விமானம் நிற்பது உண்மைதான். சோழர் காலச் சிற்பிகளின் திறமையும் உண்மைதான். ஆனால் இந்த ஒப்பீடு பாலத்துக்கு நியாயமில்லை. விமானத்தின் கற்கள் தங்கள் எடையாலேயே ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த அழுத்தம்தான் இன்றும். அங்கே சுமை ஏறி இறங்குவது என்பதே கிட்டத்தட்ட இல்லை. பாலத்தின் பிழைப்பு நேர்மாறு: நாள் முழுக்க அதன் மேல் யாராவது ஏறி இறங்குகிறார்கள்.

இதனால்தான் இரும்புப் பாலத்துக்கும் கான்கிரீட் பாலத்துக்கும் கணக்கு வேறு. கான்கிரீட் பாலத்தின் சொந்த எடையே பெரிது. லாரி அதில் சேர்ப்பது சிறு பங்கு. அங்கே சோர்வு பெரிய உத்தரங்களைவிட, சக்கரம் நேரடியாக மோதும் மேல்தளத்திலும் இரண்டு பகுதிகளை இணைக்கும் ‘எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்’களிலும் முதலில் தலைகாட்டும். இரும்புக் கர்டர் பாலத்தில் சொந்த எடை குறைவு, வண்டியின் பங்கு அதிகம். சோர்வுக் கணக்கு முழு வேகத்தில் கடிப்பது அங்கேதான். ரயில் பாலங்களில் அதைவிட அதிகம்.

2018-ல் விழுந்தவை

டெல்டாவில் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தபோது, திருச்சி - ஸ்ரீரங்கம் பக்கத்தில் 1928-ல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களில், 22-ம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்தப் பழைய பாலத்தில் அப்போது போக்குவரத்தே இல்லை. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டது. அதைச் சாய்த்தது லாரி அல்ல, தூணின் அடியில் மணலை அரித்த வெள்ளம்.

அது ஓர் அடியில் வரும் மரணம். சோர்வு என்பது கோடி அடிகளில் வருவது. இரண்டுக்கும் நடுவே ஒரு பொது ஆள் உண்டு - மணல் லாரி. ஆற்றில் அளவுக்கு மீறி அள்ளிய மணல் தூணின் காலடியைப் பலவீனமாக்குகிறது. அதே மணல் அளவுக்கு மீறிய பாரமாகப் பாலத்தின் மேலே ஓடுகிறது. "ரெண்டு யூனிட்டுக்குச் சீட்டு, ஏறுனது மூணு யூனிட்" என்பது ஆற்றோர ஊர்களில் பழகிப்போன பேச்சு. ஒரு யூனிட் 100 கன அடி. ஏறத்தாழ நாலரை டன். தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும் லாரியில் அதற்கும் மேல்.

ஒரு லாரி கூடுதலாக ஏற்றினால் எவ்வளவு சேதம்?

1842-ல் பாரிஸ் அருகே வெர்சாய் ரயில் விபத்தில் என்ஜின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்விக்கு, பிரஷ்ய ரயில்வே பொறியாளர் அகஸ்ட் வோலர் அடுத்த சில பத்தாண்டுகளில் விடை தேடினார். அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எந்த அளவு தகைவில் எத்தனை சுற்றில் முறிகிறது என்று பதிவு செய்தார். தகைவைக் குறைத்தால் ஆயுள் நேர்விகிதத்தில் கூடவில்லை. பல மடங்கு கூடியது.

இன்றைய வெல்டிங் இரும்புப் பாலங்களுக்குப் பயன்படும் விதி ஏறத்தாழ மும்மடிப் பெருக்கம். தகைவின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. ஒன்றரை மடங்கானால் மூன்றே கால் மடங்குக்கும் மேல். சிறிய தகைவுகளில் இந்தப் பெருக்கம் ஐந்தாம் மடி வரை போகிறது. மிகச் சிறிய ஏற்ற இறக்கங்கள், அதாவது பைக், கார், ஷேர் ஆட்டோ எல்லாம், சேதக் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். பாலத்தைக் கடக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. செய்பவை சில நூறுதான்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. இது எந்தப் பாலத்தின் கணக்கும் அல்ல. ஓர் இரும்பு இணைப்பு, 60 மெகாபாஸ்கல் ஏற்ற இறக்கத்தை 47 லட்சம் முறை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 550 லாரிகள், எல்லாமே அனுமதித்த பாரத்தோடு, ஒவ்வொன்றும் 60 மெகாபாஸ்கல். கணக்குப்படி ஆயுள் 23 ஆண்டு சொச்சம். இப்போது அந்த 550-ல் 50 லாரிகள் மட்டும் அதிக பாரத்தால் 90 மெகாபாஸ்கல் கொடுக்கின்றன. அந்த 50-ம் சேதக் கணக்கில் 169 லாரிகளுக்குச் சமம். ஆயுள் 19 ஆண்டு சொச்சமாக இறங்குகிறது. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத லாரிகள் நாலு வருஷத்தைத் தின்றுவிட்டன. மொத்தச் சேதத்தில் கால் பங்கு அவற்றுடையது.

அதிக பாரம் சட்டவிரோதமாக மட்டும் வருவதில்லை. 2018 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. உயர்வு 13 சதவீதத்துக்கும் குறைவு. மும்மடி விதியில் போட்டால், முழு பாரத்தோடு போகும் அந்த அச்சின் சேதம் சுமார் 43 சதவீதம் கூடுகிறது. ரயிலிலும் இதே கதை: 2005-க்குப் பிறகு சரக்குப் பெட்டிகளில் கூடுதல் பாரம் ஏற்ற அனுமதித்தபோது, அச்சுச் சுமை 20.32 டன்னிலிருந்து சுமார் 22.8 டன்னுக்குப் போனது. இங்கும் ஏறக்குறைய 12 சதவீதம். சரக்குக் கட்டணத்தில் கிடைத்த லாபம் பேசப்பட்ட அளவுக்கு, பாலங்களின் ஆயுளிலிருந்து எடுத்த கடன் பொதுவெளியில் பேசப்படவில்லை.

காரைக்கால் துறைமுக நிலக்கரியும், "அரவைக்காக இத்தனை ஆயிரம் டன் நெல் சரக்கு ரயிலில் அனுப்பிவைப்பு" என்று அடிக்கடி செய்தியாகும் நெல்லும் போவது டெல்டாவின் ஆறுகளைத் தாண்டும் ரயில் பாலங்களின் வழியாகத்தான்.

தாறுமாறான சுமையை எப்படி எண்ணுவது?

ஆய்வகத்தில் ஒரே அளவு சுமையை இயந்திரம் ஒரே சீராகக் கொடுக்கும். சாலையில் அப்படியா? டவுன் பஸ், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அறுவடை இயந்திரத்தைச் சுமந்த லாரி, பின்னாலேயே இன்னொரு லாரி. எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதைத்தான் ‘சமவாய்ப்புச் சுமை’ என்கிறார்கள். கடலில் நிற்கும் எண்ணெய் மேடைக்கு அலை, பாம்பன் பாலத்துக்குக் காற்று, கொள்ளிடப் பாலத்துக்கு லாரி.

இதற்கு முதல் எளிய வழியை 1924-ல் ஸ்வீடனின் பாம்கிரனும், 1945-ல் அமெரிக்காவின் மைனரும் தந்தார்கள். ஒவ்வொரு அளவு சுமையும் ஆயுளில் எத்தனையில் ஒரு பங்கைத் தின்றது என்று தனித்தனியே பார்த்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டல் ஒன்றைத் தொட்டால் ஆயுள் முடிந்தது. கடைக்காரர் பற்று நோட்டு மாதிரிதான். சின்னப் பற்று, பெரிய பற்று எல்லாம் ஒரே பக்கத்தில் ஏறும்.

ஆனால் பாலத்தில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் தருவது தனித்தனிப் பற்றுகள் அல்ல. மேலும் கீழும் கிறுக்கிய ஒரே நீளக் கோடு. அதில் எது ஒரு சுழற்சி? ஒரு லாரி ஏறும்போது தகைவு 0-விலிருந்து 60-க்குப் போகிறது. கொஞ்சம் இறங்கி 50. அதற்குள் அடுத்த லாரி ஏறிவிட, 70. இரண்டும் போனதும் மறுபடி 0. ஏறிய ஒவ்வொரு துண்டையும் இறங்கிய ஒவ்வொரு துண்டையும் பாதிச் சுழற்சியாக எண்ணினால், உண்மையான சேதத்தில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். ஏனென்றால் இரும்புக்கு இது நாலு துண்டு அல்ல. 0 - 70 - 0 என்று ஒரு பெரிய சுழற்சி. அதன் முதுகில் 60 - 50 - 60 என்று ஒரு சின்னது.

இப்படிப் பிரிக்கும் முறையை 1968-ல் ஜப்பானில் மட்சுயிஷியும் எண்டோவும் வெளியிட்டார்கள். வரைபடத்தை நட்டுக்குத்தலாக நிமிர்த்தினால் அடுக்கடுக்கான பகோடாக் கூரை போலத் தெரியும். மேலிருந்து மழை பெய்தால், ஒவ்வொரு கூரை விளிம்பிலிருந்தும் தண்ணீர் எங்கே வழிந்து எங்கே நிற்கிறது என்று பின்தொடர்வதுதான் முறை. அதனால் பெயரும் ‘மழை ஒழுக்கு’ எண்ணிக்கை. ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று ஐப்பசி மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இன்று விமானம், காற்றாலை, கார் என எதன் சோர்வுக் கணக்குக்கும் அடிப்படை இதுதான்.

எந்த மாதத்தில் அளப்பது?

முறை உலகப் பொதுவானது. அதில் போடும் தரவு உள்ளூருடையது. டெல்டாவுக்கென்றே ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆண்டு முழுக்கக் கருவி வைத்து அளப்பது செலவு; அதனால் ஒரு வாரம், பத்து நாள் அளந்து, அதை 52 வாரங்களுக்கும் பெருக்கிவிடத் தோன்றும். ஜூனில் மேட்டூர் திறந்து, நாற்றங்கால் வேலை நடக்கும் வாரத்தில் அளந்தால் என்ன கிடைக்கும்? உர லாரி, டிராக்டர், பஸ்.

தை, மாசியில் சம்பா அறுவடையில் சாலையே வேறு. வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் மலையாகக் குவிகின்றன. மழை வருவதற்குள் கிடங்குக்கோ ரயிலடிக்கோ அனுப்ப வேண்டும் என்ற அவசரம். மூட்டை கூடுதலாக ஏறுவதும் அப்போதுதான். புரட்டாசி, ஐப்பசியில் குறுவைக்கும் இதே நெருக்கடி, சிறிய அளவில். சேதம் மும்மடியில் பெருகுவதால், ஆண்டுச் சேதத்தின் பெரும்பங்கை இந்தச் சில வாரங்களே போட்டுவிடக்கூடும். அவற்றை விட்ட அளவீடு பாலத்தை உள்ளதைவிட இளமையாகக் காட்டும்.

வடிவமைப்பிலும் இதே வகை முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறது. இந்திய சாலைப் பேரவையின் ஐஆர்சி 6 விதி, சோர்வுக்கு 40 டன் லாரி ஒன்றை அளவுகோலாக வைக்கிறது. சாதாரணப் பாலத்துக்கு 20 லட்சம் சுழற்சிகள்; துறைமுகம், கனரகத் தொழிற்சாலை, சுரங்கம் போன்ற இடங்களை ஒட்டிய பாலத்துக்கு 1 கோடி. ஐந்து மடங்கு வித்தியாசம். நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் பாலத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? பார்வைக்கு அது கிராமம். மணலும் நிலக்கரியும் போகும் வழி என்றால் விடை மாறலாம்.

கணக்கை எவ்வளவு நம்பலாம்?

முழுதாக நம்ப முடியாது என்பதைப் பொறியாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மைனர் கூட்டல் ஒன்றை எட்டும் முன்பே முறிந்த சோதனைத் துண்டுகளும் உண்டு, ஒன்றைத் தாண்டி ஓடியவையும் உண்டு. பெரிய அடி முதலில் வந்ததா, பின்னால் வந்ததா என்பதை இந்தக் கூட்டல் பார்ப்பதில்லை. அதனால்தான் விதிகள் பாதுகாப்புக் காரணிகளைச் சேர்க்கின்றன. கூட்டல் சொல்வது உடையும் தேதியை அல்ல. எந்தப் பாலத்தை, எந்த இணைப்பை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற வரிசையை.

துரு வந்துவிட்டால் கணக்கு இன்னும் கெட்டுப்போகும். துரு அரித்த குழிகளே விரிசலின் விதை. பாதிப்பில்லை என்று தள்ளிய சின்னச் சுமைகளும் அப்போது சேதம் செய்யத் தொடங்கும். 2022 அக்டோபர் 30-ல் குஜராத்தின் மோர்பி தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தனர். பிரதான கேபிளின் 49 இழைகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன. விபத்துக்கு முன்பே அவை அறுந்திருக்கலாம் என்றது சிறப்புப் புலனாய்வுக் குழு. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து உப்புக் காற்றில் நிற்கும் இரும்புக்கு இந்தப் பாடம் வெளியூர்ச் செய்தி அல்ல.

சின்ன விஷயம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு 1980 மார்ச் 27-ஐச் சொல்வார்கள். வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தனர். ஒரு கருவியைப் பொருத்துவதற்காகத் தாங்குகுழாயில் போட்ட சிறு வெல்டிங்கில் தொடங்கிய சோர்வு விரிசல், அலைக்கு அலை வளர்ந்து அந்தக் குழாயையே அறுத்திருந்தது.

அளந்ததால் என்ன கிடைத்தது?

தமிழ்நாட்டிலேயே உதாரணம் பாம்பன். 1914-ல் திறக்கப்பட்ட ரயில் பாலம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். 2018 டிசம்பரில் தூக்குப் பாலப் பகுதியில் விரிசல் கண்டு போக்குவரத்து நின்றது. பிறகு சரிசெய்து ஓட்டினார்கள். சென்னை ஐஐடி பொருத்திய கருவிகள் கண்காணித்துவந்த நிலையில், 2022 டிசம்பர் 23 முதல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தது. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டு ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறினார்கள். அலைச்சல்தான். ஆனால் பழைய பாலம் ரயிலோடு கடலில் விழவில்லை.

அணைக்கரையில் நடந்தது வேறு வகை. பலவீனம் கண்ணில் பட்ட பிறகு தடைப் பலகை. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய இந்தியப் பால மேலாண்மை அமைப்பு நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களைப் பட்டியலிட்டு, நிலைக்கு ஏற்ப மதிப்பெண் தருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் அது பெரும்பாலும் கண்ணால் பார்த்து எழுதும் மதிப்பெண். வெல்டிங்குக்கு அடியில் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஆயுளின் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே சோர்வைச் சோதிக்கும் ஆய்வகமும் இருக்கிறது. திருச்சியில் என்ஐடி இருக்கிறது. ஆள் பஞ்சமில்லை. பழைய பாலங்களுக்கு இல்லாதது கடந்த காலப் பதிவு. நாற்பது ஆண்டில் எத்தனை லாரி, எவ்வளவு பாரத்தோடு போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இனி எழுதவும் முடியாது. ஊகித்துத்தான் கூட்ட வேண்டும்.

புதிய கொள்ளிடப் பாலத்துக்கு அந்தக் குறை இன்னும் வரவில்லை. அதன் பற்று நோட்டில் முதல் சில பக்கங்கள்தான் புரண்டிருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஓடும் வண்டியை நிறுத்தாமலே எடை போடும் கருவிகள் அபராதம் வசூலிப்பதற்காக வைக்கப்படுகின்றன. அச்சுக்கு அச்சு அது தரும் எடைதான், பாலத்தின் சோர்வுக் கணக்குக்கு வேண்டிய மூலப்பொருளும். அபராத ரசீதோடு அந்த எண் முடிந்துபோகாமல், பாலத்தைப் பராமரிக்கும் பொறியாளரின் மேஜைக்கும் போனால், அடுத்த தலைமுறை இந்தப் பாலத்தின் வயதை ஆண்டுகளில் கேட்க வேண்டியிருக்காது. கருவி புதிதாக வாங்க வேண்டியதும் அதிகம் இல்லை. எண்ணத் தொடங்க நல்ல நேரம் தை மாதம், சம்பா மூட்டைகள் சாலைக்கு வரும்போது.